வெறுந்தாளின் வேலை: கூஹாண்டல் நாட்குறிப்பு

2025 மே 3, சனி

லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு வரும் பிள்ளைகளும் வீட்டுப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆட வேண்டும், யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது என்றால், கூஹாண்டலுக்கு நிகராக இன்னொரு சீட்டாட்டத்தைச் சொல்லத் தோன்றவில்லை. ரூடிகர் கோல்ட்ஸே அமைத்தது. ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. 3 முதல் 5 பேர் ஆடலாம். அந்தப் பெயருக்கு மாட்டு வியாபாரம் என்று பொருள். திரைமறைவுப் பேரத்துக்கும் ஜெர்மனில் அதே சொல்தான். நம் பத்திரிகைகளில் அதைக் குதிரை பேரம் என்று எழுதுகிறோம்.

விலங்குச் சீட்டு 40. பத்து வகை, வகைக்கு 4. மதிப்பு இப்படி: சேவல் 10, வாத்து 40, பூனை 90, நாய் 160, செம்மறி 250, வெள்ளாடு 350, கழுதை 500, பன்றி 650, பசு 800, குதிரை 1000.

பணத்தாள் 55. அதில் 0 என்று போட்ட வெறுந்தாள் 10, பத்து ரூபாய்த் தாள் 20, ஐம்பது 10, நூறு, இருநூறு, ஐந்நூறு வகைக்கு 5. தொடக்கத்தில் ஆளுக்கு இரண்டு வெறுந்தாள், நான்கு பத்து, ஒரு ஐம்பது. கையில் 7 தாள், மதிப்பு 90. காசுக்கு ஆகாத அந்த இரண்டு தாளில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது.

2025 மே 4, ஞாயிறு

வீட்டு உபயோகத்துக்குச் சொந்தமாக ஒரு கட்டு அடித்துக்கொள்ளலாம். சீட்டின் அளவு 63 × 88 மி.மீ. ஒரு ஏ4 தாளில் வரிசைக்கு 3 வீதம் 9 சீட்டு அடங்கும். 95 சீட்டுக்கு 11 தாள் போதும், 4 சீட்டு மிஞ்சும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு கேட்டு வாங்குங்கள். மெல்லிய தாளில் அடித்தால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கையில் வைத்திருக்கும் தொகை எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கத்தரியால் வெட்டவே கூடாது. ஒரு மில்லிமீட்டர் அகலம் கூடினாலும் கட்டில் அந்தச் சீட்டு துருத்திக்கொண்டு நிற்கும். அச்சகத்தில் கட்டிங் மிஷினில் கொடுத்தால் எல்லாம் ஒரே அளவில் வரும். பின்புறத்துக்குக் கரை போட்ட வடிவம் வேண்டாம். முன்னும் பின்னும் அச்சு கொஞ்சம் விலகினாலும் கரை ஒரு பக்கம் தடித்துத் தெரியும். முழுக் கறுப்பும் சரிப்படாது, ஓரம் தேய்ந்து வெள்ளை தெரியும். வெளிர் நிறத்தில் சீட்டு முழுவதும் ஒரே மாதிரிச் சிறு கட்டம் போதும்.

படத்துக்கு நம் பக்கத்து இனங்களையே எடுத்துக்கொண்டால் வேறொரு வசதியும் உண்டு. கூட்டத்தில் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் தடுமாறாத பிள்ளை குறைவு. செம்மறிக்குப் பொட்டுப் பொட்டாக வெம்பூர் ஆட்டையும், வெள்ளாட்டுக்குக் கரிய உடம்பில் முகத்தின் இரு பக்கமும் வெள்ளைக்கோடு ஓடும் கன்னி ஆட்டையும் வரைந்தால் வீட்டு முன்பகுதியான தார்சாவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் எது எதுவென்று தெரியும்.

2025 மே 8, வியாழன்

தன் முறை வந்தவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: ஏலம் போடலாம், அல்லது பேரம் பேசலாம்.

ஏலம் என்றால் கட்டின் மேல் சீட்டைத் திருப்பி வைத்து அவரே கூறுவார், அவர் கேட்கக் கூடாது. மற்றவர்கள் ஏற்றிக் கேட்கலாம். யாருமே கேட்காவிட்டால் கூறியவருக்கே இலவசம். கேட்டு முடிந்ததும் கூறியவருக்கு ஓர் உரிமை வருகிறது: பணத்தை வாங்கிக்கொண்டு விலங்கைக் கொடுக்கலாம், அல்லது அதே தொகையைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டுத் தானே விலங்கை வைத்துக்கொள்ளலாம்.

"எம்பது ஒருதரம், எம்பது ரெண்டுதரம்... மூணுதரம்! ஆச்சி, ஆடு உங்களுக்கா எனக்கா?"

"அதை நீதாம்லே சொல்லணும் மக்கா, சீக்கிரம் சொல்லு."

இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஆடு வேண்டாதவரும் ஏற்றிக் கேட்கிறார். கூறியவர் கையில் ஏற்கெனவே ஒரு ஆடு இருந்தால் அவர் விடமாட்டார், 80 நம் கைக்கு வரும். அவர் விட்டுவிட்டால் வேண்டாத ஆட்டுக்கு 80 கொடுத்தாக வேண்டும். பணம் இல்லாமல் கேட்டு மாட்டிக்கொண்டால் கைத்தாள் அத்தனையையும் எல்லாருக்கும் விரித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகு ஏலம் மறுபடி நடக்கும். மறைக்க ஒன்றுமில்லாமல் அடுத்த பேரத்துக்கு உட்கார வேண்டியிருப்பது பெரிய தண்டனைதான்.

மீதிச் சில்லறை கிடையாது. பத்து ரூபாய்த் தாள்களை முதல் மூன்று ஏலத்திலேயே கரைத்தவர் பிறகு 60-க்குக் கேட்டுவிட்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டிருப்பார். கடைசி வரை இரண்டு பத்து ரூபாய்த் தாளாவது கையில் வேண்டும்.

ஏலப் பணம் வங்கிக்குப் போவதில்லை, கூறியவர் கைக்கே போகிறது. குதிரையை இப்போதுதான் நல்ல விலைக்கு விட்டவரோடு அடுத்த முறையே பேரத்துக்கு இறங்காதீர்கள்.

2025 மே 11, ஞாயிறு

இனி பேரம். இருவரிடமும் ஒரே வகை விலங்கு இருந்தால் முறை வந்தவர் மற்றவரைக் கூப்பிடலாம். கூப்பிட்டவர் தாள்களைக் கவிழ்த்து வைப்பார். எத்தனை தாள் என்பது தெரியும், எவ்வளவு பணம் என்பது தெரியாது. எதிராளி பார்க்காமலே அதை எடுத்துக்கொண்டு விலங்கைக் கொடுக்கலாம். இல்லையென்றால் தானும் தாள்களைக் கவிழ்த்து எதிர்த்து வைக்கலாம். அப்போது இருவரும் தாள்களை மாற்றிக்கொண்டு தமக்குள் எண்ணிப் பார்ப்பார்கள். கூடுதலாக வைத்தவருக்கு விலங்கு. இரண்டும் ஒரே தொகையென்றால் மறுபடி வைக்க வேண்டும். ஆளுக்கு இரண்டிரண்டு இருந்தால் பேரமும் இரண்டுக்கே.

தாள்களை இருவருமே மாற்றிக்கொள்கிறார்கள் என்பது முதல் சில ஆட்டங்களில் பலருக்குப் பிடிபடுவதில்லை. பசுவுக்காக ஒருவர் 500 வைக்கிறார், மற்றவர் 560 வைத்து எதிர்க்கிறார். 560 கொடுத்தவருக்கு 500 வந்துவிட்டது, பசுவுக்கு உண்மையில் கொடுத்தது 60 மட்டும். எதிர்க்காமல் விட்டிருந்தால் 500 முழுவதும் அவர் கைக்கு வந்திருக்கும், பசு போயிருக்கும். ஆகவே கூப்பிடுபவர் பெருந்தொகை வைப்பதில்தான் ஆபத்து. எதிர்ப்பவருக்கு நஷ்டம் வித்தியாசத்தோடு நின்றுவிடும்.

இப்போது வெறுந்தாளுக்கு வருவோம். 0, 0, 10, 10 என்று நான்கு தாளைக் கவிழ்த்து வைத்தால் மொத்தம் 20. எதிராளி நான்கைப் பார்த்து மயங்கி எடுத்துக்கொண்டால் பசு 20-க்கு வந்துவிட்டது. அவர் ஒரே ஒரு ஐம்பதை வைத்து எதிர்த்தால் பசு போய்விடும், 30 மிஞ்சும். இரண்டு வழியிலும் இன்னொன்று நடக்கிறது: நம் இரண்டு வெறுந்தாளும் அவர் கைக்குப் போய்விட்டன. இப்போது அவரிடம் நான்கு. அடுத்த பேரத்தில் நமக்கு எதிரே கவிழ்ந்து கிடப்பவை நாம் கொடுத்தவையாகவே இருக்கும். வெறுந்தாள் யார் கையில் எத்தனை என்று நினைவில் வைத்திருப்பவர்தான் இந்த ஆட்டத்தில் தேறுகிறார், முகத்தை இறுக்கி வைத்திருப்பவர் அல்ல.

இரண்டாவது கணக்கு கழுதை. முதல் கழுதைச் சீட்டு திரும்பியதும் எல்லாருக்கும் ஐம்பது, இரண்டாவதுக்கு நூறு, மூன்றாவதுக்கு இருநூறு, நான்காவதுக்கு ஐந்நூறு. இரண்டாம் கழுதை வரும்வரை ஆட்டத்தில் இருக்கும் பெரிய தாளே ஐம்பதுதான். அதற்கு முன்னால் கவிழ்ந்து கிடக்கும் இரண்டு தாள் 100-ஐத் தாண்ட முடியாது. நான்காம் கழுதைக்குப் பிறகு ஒற்றைத் தாளைப் பார்த்தும் பயப்பட வேண்டும்.

2025 மே 12, திங்கள்

திருநெல்வேலி மேலப்பாளையம் கால்நடைச் சந்தை மாதிரிச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவர ஆசை வரும். தாள்களைத் துண்டுக்கு அடியில் வைத்து எண்ணிக்கையையும் மறைத்தால் பேரம் செத்துப்போகிறது. எதிராளிக்குப் பிடிமானம் ஒன்றுமே இல்லாவிட்டால் அது குருட்டு யோகம். சந்தைத் துண்டு மறைப்பது சுற்றி நிற்பவர்களுக்குத்தான், பேசுகிற இருவருக்கு அல்ல. துண்டு வேண்டுமென்றால் தாள்களை மாற்றிக்கொண்ட பிறகு எண்ணும்போது போர்த்திக்கொள்ளலாம். பேரம் பேசிய இருவருக்குத் தொகை தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. விதியும் அதையேதான் கேட்கிறது.

2025 மே 18, ஞாயிறு

கட்டு தீர்ந்தபின் பேரம் மட்டும். எல்லா விலங்கும் நான்கு நான்காகச் சேரும்வரை ஓடும். கடைசியில் முடித்த வகைகளின் மதிப்பைக் கூட்டி, எத்தனை வகை முடித்தோமோ அதால் பெருக்க வேண்டும். மிச்சப் பணத்துக்கு மதிப்பில்லை.

பசுவும் வெள்ளாடும் முடித்தவருக்கு 1150, இரண்டால் பெருக்கினால் 2300. அவரே சேவலையும் முடித்தால் 1160-ஐ மூன்றால் பெருக்கி 3480. பத்து ரூபாய்ச் சேவல் அவருக்கு 1180 புள்ளி. ஆனால் தொடக்கத்தில் சேவல் திரும்பினால் ஒருவரும் வாய் திறப்பதில்லை, கூறியவர் இலவசமாகவே எடுத்துப் போகிறார். 10-க்காவது கேட்டு வையுங்கள்.

2025 மே 25, ஞாயிறு

கழுதை நான்கும் அடுத்தடுத்து வந்து, பத்து நிமிடத்தில் ஆளுக்கு 850 சேர்ந்து, பூனைக்கு 300 கேட்கிற நிலைமை வந்தால் குலுக்கலில்தான் குறை. ஒரு ஆட்டம் முடியும்போது சீட்டுகள் நான்கு நான்காக ஒட்டிக்கிடக்கும், இரண்டு மூன்று குலுக்கலில் பிரியாது. முதலில் ஒவ்வொன்றாக 7 குவியலாகப் போட்டு, அடுக்கி, பிறகு குலுக்குங்கள். 4 குவியல் போடாதீர்கள். குவியலுக்கு ஒரு கழுதை என்று ஒழுங்காக விழுந்து, எப்போது வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

2025 ஜூன் 14, சனி

சாரல் காலத்தில் தாள் நமுத்து வளைகிறது. அதைவிட மோசம் நகம். சிமெண்டுத் தரையில் கவிழ்ந்து கிடக்கும் தாளை எடுக்க மூலையில் நகத்தைக் கொடுத்து நெம்புவார்கள். சாய்வெளிச்சத்தில் பார்த்தால் அந்த மூலையில் பிறை மாதிரி ஒரு பள்ளம். அடிக்கடி கைமாறுவது வெறுந்தாளும் பத்தும்தான், ஆகவே பிறை விழுவதும் அவற்றில்தான். ஐந்நூறு நான்காம் கழுதைக்குப் பிறகே வெளியே வருகிறது, புதுக்கருக்கு மாறாமல் மொடமொடவென்று இருக்கும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் போனால் பின்புறத்தைப் பார்த்தே தொகை சொல்லிவிடலாம்.

கோரைப் பாயில் ஆடினால் மூலை கோரைக்குள் மாட்டிப் பிரியும். பாயின் மேல் ஜமுக்காளம் விரித்தால் நகம் வைக்காமலே தாள் எழும்பும். லேமினேஷன் வழுக்கும், 55 தாளை ஒரு கையால் அடுக்க முடியாது. சரியான வழி, பின்புறம் நிறமடித்த ஸ்லீவ், அதாவது சீட்டைச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் உறை. 63 × 88 அளவுக்கே கிடைக்கிறது. பணத்தாள் 55-க்கும் ஒரே பாக்கெட் வகையிலிருந்து போடுங்கள். பத்து ஆட்டத்துக்கு ஒருமுறை எல்லாத் தாளையும் உருவி, கலைத்து, வேறு ஸ்லீவுக்குள் மாற்றிச் செருகினால், நேற்று வெறுந்தாளாகக் கிடந்த பிறை விழுந்த ஸ்லீவுக்குள் இன்று ஐந்நூறு இருக்கும்.