கோழி இறகுக்கு வெல்லம்

சீனாவில் அந்தக் கடையில் உலக உருண்டைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. உள்ளங்கையில் அடங்குவது முதல் இடுப்பு உயரத்துக்கு நிற்பது வரை, உள்ளே விளக்கு எரிவது, காந்தத்தில் மிதப்பது, உண்டியலாகவும் ஆகக்கூடியது. மகளுக்கு ஒன்று வாங்கலாமே என்று விளக்கு எரிகிற ஒன்றை எடுத்துச் சுற்றினேன். இந்தியா வந்தது. தலைப்பக்கம் கொஞ்சம் சிறுத்திருந்தது. கிழக்கே அருணாசலப் பிரதேசம் முழுக்கச் சீனாவின் நிறத்தில் இருந்தது.

சித்தப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "கீழ வையிடா. நம்ம கஸ்டம்ஸ்ல பார்த்தான்னா பெட்டியையே நிறுத்திப் போடுவான்."

இந்தியாவுக்கென்று வேறு வரைபடம் ஒட்டிய உருண்டை உண்டா என்று மொழிபெயர்ப்புச் செயலி வழியாகக் கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. ஏற்றுமதிக்கு அச்சடிக்கிற வரைபடத்திலும் சீன அரசு சொல்லும் எல்லைதான் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 2019-இல் சிங்தாவ் நகரத்தில், வெளிநாட்டுக்குப் போகவிருந்த ஏறத்தாழ 29,000 வரைபடங்களை, தைவானையும் இந்திய எல்லையையும் தப்பாகக் காட்டின என்று அதிகாரிகள் கிழித்துப் போட்டார்கள். நம் பக்கமும் லேசுப்பட்டதில்லை. நம் எல்லையை மாற்றிக் காட்டும் வரைபடம் இங்கே இறங்க முடியாது. ஆக, உலகத்துப் பொருள் எல்லாம் கிடைக்கும் என்று பேர் வாங்கிய சந்தையில் எனக்கு முதலில் கிடைக்காமல் போன பொருள் உலகம்தான்.

ஊர் பெயர் யீவு. ஷாங்காயிலிருந்து தெற்கே சுமார் 300 கிலோமீட்டர், செஜியாங் மாகாணம். சித்தப்பாவுக்கு மதுரையில் ஃபேன்சி மொத்த வியாபாரம். 2009-லிருந்து இங்கே வந்துபோகிறார். இந்தத் தடவை முழங்கால் வலி, பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று 2025 ஜூன் மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போது இந்தியாவிலிருந்து சீனாவுக்கு நேரடி விமானம் கிடையாது. கொரோனாவில் நின்றது, கல்வான் மோதலுக்குப் பிறகு அப்படியே நின்றுவிட்டது. சிங்கப்பூர் வழியாகச் சுற்றித்தான் போனோம். ஆள் போக வழியில்லையே தவிர, சரக்கு வருவது நிற்கவில்லை. 2024-25 நிதியாண்டில் சீனாவிலிருந்து நாம் இறக்கியது 11,300 கோடி டாலருக்கும் மேல். டிக்டாக்கைத் தடை செய்தோம், ஹேர் கிளிப்பைத் தடை செய்யவில்லை.

சந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் போனபோது ஐந்து பெரிய வட்டாரங்கள், சுமார் 75,000 கடைகள். ஒரு கடைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால், பார்த்து முடிக்க 469 நாள் ஆகும். முதல் நாள் இரவு அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கடையும் நம் ஊர் வளையல் கடை அளவுதான். இருப்பது எல்லாம் சாம்பிள். ஒரு தெரு முழுக்க ஜிப், அடுத்த தெரு முழுக்க ஊக்கு, அதற்கடுத்து பொம்மைக்கு வைக்கும் கண் மட்டும். சித்தப்பா ஒரு ஹேர் கிளிப்பைக் காட்டுவார், அந்தப் பெண் கால்குலேட்டரில் தட்டுவார், சித்தப்பா அதை வாங்கித் திருப்பித் தட்டுவார். பெட்டிக்கு எத்தனை டஜன், எத்தனை கன மீட்டர், எத்தனை நாளில் கிடங்குக்கு வரும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பேரத்தில் பேச்சே இல்லை. நம் ஆட்களைப் பார்த்தால் மட்டும் சிலர் "பாய், பாய்" என்கிறார்கள்.

மூன்றாம் நாள் சித்தப்பா பழைய பாக்கி ஒன்றைத் தீர்க்கப் போனார். நான் சந்தை வரலாற்றைக் காட்டி வைத்திருக்கும் கூடத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது ஒரு கிலுகிலுப்பை மேளம். இரண்டு பக்கமும் நூலில் மணி கட்டி, கைப்பிடியைத் திருப்பினால் டக்டக் என்று அடிக்குமே, அது. பக்கத்தில் ஒரு காவடித்தடியும் இரண்டு கூடைகளும்.

யீவு செம்மண் பூமி. ஆளுக்குக் கிடைக்கும் நிலமும் கொஞ்சம்தான். ஆனால் கரும்பு விளையும், வெல்லம் காய்ச்சுவார்கள். விவசாய வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் இந்த ஊர் ஆண்கள் கூடையில் வெல்லக் கட்டியைப் போட்டுத் தோளில் சுமந்துகொண்டு, மேளத்தை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பார்கள். வீட்டுக்காரர்கள் கோழி இறகைக் கொண்டுவந்து கொடுத்தால் வெல்லம் உடைத்துத் தருவார்கள். நல்ல இறகு தூசி தட்டும் துடைப்பத்துக்குப் போகும், மீதி வயலுக்கு உரம். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் சைக்கிளில் வருவாரே, பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்! அதே ஆள்தான். இங்கே அந்த ஆள் பிறகு உலகச் சந்தை கட்டிவிட்டார்.

எப்படிக் கட்டினார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. மாவோ காலத்தில் இப்படி வாங்கி விற்பது குற்றம். 'ஊக வணிகம்' என்று அதற்குச் சட்டத்தில் பெயர். சீனக் குற்றவியல் சட்டத்திலிருந்து அது நீங்கியதே 1997-இல்தான். ஆனால் வயிறு சட்டம் படிக்காது. எழுபதுகளின் கடைசியில் யீவுவில் சந்து பொந்துகளில் கூடையை வைத்துப் பொத்தான், நூல் விற்றார்கள். அதிகாரி வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். 1982-இல் ஷியே காவ்ஹுவா என்பவர் யீவு வட்டாரத்துக்குக் கட்சிச் செயலாளராக வந்தார். வந்த சில வாரங்களில், தெருவில் சாமான் விற்கும் ஃபெங் ஐச்சியன் என்ற பெண் அவரை அலுவலக வாசலிலேயே மறித்துக்கொண்டார். நாங்கள் எப்படிப் பிழைப்பது, ஏன் விரட்டுகிறீர்கள் என்று சண்டை. அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் வட்டார அரசே சந்தையைத் திறந்துவிட்டது. சிமெண்ட் பலகை போட்ட சில நூறு கடைகள், அவ்வளவுதான்.

இப்போது கேட்க எளிதாக இருக்கிறது. அதே 1982 ஏப்ரலில்தான் பொருளாதாரக் குற்றங்களை ஒடுக்க வேண்டும் என்று பெய்ஜிங்கிலிருந்து கட்சி மேலிடமே உத்தரவு போட்டிருந்தது. ஷியேயின் பதவி போயிருக்கலாம், அதற்கு மேலும் ஆகியிருக்கலாம். 2018-இல், சீர்திருத்தத்தின் நாற்பதாவது ஆண்டு விழாவில், நூறு 'சீர்திருத்த முன்னோடிகளில்' ஒருவராக அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு இறந்துபோனார். கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கும் விதத்தைப் பார்த்தால், கட்சி முதலிலேயே திட்டம் போட்டுச் சந்தையைப் பெற்றெடுத்தது போலத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. ஊர்க்காரர்கள் விதியை மீறினார்கள், உள்ளூர்ச் செயலாளர் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, பிறகு துணிந்து கையெழுத்துப் போட்டார், மேலே உள்ளவர்கள் பலன் தெரிந்தபிறகு தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். சீனா வளர்ந்ததைப் பற்றி நம் ஊரில் 'ஒரே உத்தரவு, நாடே நகரும்' என்று வியப்பவர்கள் அந்தக் கூடையையும் மேளத்தையும் ஒரு தடவை வந்து பார்க்கலாம்.

கண்டும் காணாமல் இருப்பதற்கு இப்போது இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சந்தை வாசலில் கேமரா, சந்து முனையில் கேமரா, நூடுல்ஸ் கடையில் இரண்டு. ரயில் டிக்கெட்டே பாஸ்போர்ட் எண்தான், தாளே கிடையாது. விடுதியில் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்துப் போலீசுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கையில் யுவான் நோட்டு வைத்திருந்தேன், ஐந்து நாளில் ஒரே ஒரு வயதான தர்பூசணிக்காரர் வாங்கினார். அவரும் முதலில் க்யூஆர் அட்டையைத்தான் காட்டினார். சித்தப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கும். "ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பணத்தோட நடந்து போ, ஒரு பய தொடமாட்டான்." அதுவும் உண்மைதான்.

ஆனால் அவருக்கும் பயந்த காலம் உண்டு. 2011 கடைசியில் இரண்டு இந்திய வியாபாரிகளை, அவர்கள் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி பாக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டார் என்று உள்ளூர்க் கடைக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்களை மீட்கப் போன இந்தியத் தூதரக அதிகாரி, சர்க்கரை நோயாளி, நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் சாப்பாடும் மருந்தும் இல்லாமல் மயங்கி விழுந்தார். 2012 ஜனவரியில் யீவுவோடு வியாபாரமே வேண்டாம் என்று தூதரகம் எச்சரிக்கை விட்டது. "நாங்க ஒரு சீசன் வரல. அப்புறம் வேற எங்க போறது?" என்றார் சித்தப்பா. மறு வருடம் யீவுவில் வெளிநாட்டு வியாபாரத் தகராறுகளுக்கென்று சமரசக் குழு ஏற்படுத்தினார்கள். அதில் பல நாட்டு வியாபாரிகளே நடுவர்களாக உட்காருகிறார்கள். நம் ஊர்ச் சங்கத்துப் பஞ்சாயத்து மாதிரிதான், அரசு முத்திரையோடு.

பக்ரீத் சமயம் அது. வெள்ளிக்கிழமை மதியம் பெரிய பள்ளிவாசல் பக்கம் போனோம். ஏமன், எகிப்து, பாகிஸ்தான், ஆப்பிரிக்க நாடுகள், எங்கெங்கிருந்தோ வந்த வியாபாரிகள் ஆயிரக்கணக்கில். வாசலில் ரொட்டி விற்பவர்கள், ஓரமாகப் போலீஸ் வண்டி. பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஊரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு ரயில் நினைவுக்கு வந்தது. முதல் வண்டி 2014 நவம்பர் 18-இல் கிளம்பி, 13,000 கிலோமீட்டர் ஓடி, 21 நாளில் மாட்ரிட் போய்ச் சேர்ந்தது. அதன் சீனப் பெயரில் மூன்று எழுத்து: யீ என்றால் யீவு, ஓ என்றால் ஐரோப்பா, நடுவில் உள்ள ஷின் என்பது ஷின்ஜியாங். அந்த நடு எழுத்தில் வாழும் உய்குர் முஸ்லிம்களை அரசு அடைத்து வைத்ததைப் பற்றி, அது மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கக்கூடும் என்று 2022-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிக்கை விட்டது. சீனா மறுத்தது. வாங்க வருகிற முஸ்லிமுக்கு ஒரு சீனா, அங்கேயே பிறந்த முஸ்லிமுக்கு வேறொரு சீனா. இதைச் சந்தையில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு யாரையாவது மாட்டிவிடுவதில் எனக்கு விருப்பமில்லை.

டிரம்ப் பற்றிக் கேட்கலாம், அதில் யாருக்கும் தயக்கமில்லை. 2016-இலேயே டிரம்ப் கொடிக்கு வந்த ஆர்டரை வைத்து அவர்தான் ஜெயிப்பார் என்று யீவு கணித்தது என்பது இங்கே பெருமையாகச் சொல்லப்படும் கதை. நாங்கள் போனபோது, ஏப்ரலில் 145 சதவீதம் வரை ஏறிய அமெரிக்க வரி, மே மாதம் 30 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கொடியும் தொப்பியும் விற்கும் ஒருவர், ஏப்ரல் முழுக்கப் போனே அடிக்கவில்லை என்றார். அவர் கடையில் எல்லா நாட்டுக் கொடியும் இருந்தது. அமெரிக்கக் கொடியைச் சற்று உள்ளே தள்ளி வைத்திருந்தாரோ என்று பார்த்தேன். இல்லை, எப்போதும் போல முன்வரிசையில்தான்.

ஜூன் 7 அன்று எங்களை ஏற்றிப்போன டாக்சிக்காரர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குய்சோவ் மாகாணத்துக்காரர். அன்றுதான் காவ்காவ், கல்லூரி நுழைவுத் தேர்வின் முதல் நாள். நாடு முழுக்க 1 கோடியே 33 லட்சம் பேர் எழுதும் தேர்வு. அவர் மகளும் சொந்த ஊரில், தாத்தா பாட்டி வீட்டிலிருந்து போய் எழுதிக்கொண்டிருந்தாள். இங்கே படிக்கவைக்கவில்லையா என்றேன். ஹூகோவ், என்றார். நம் ரேஷன் கார்டு மாதிரி ஒரு குடும்பப் பதிவு. 1958-லிருந்து இருக்கிறது. எந்த ஊரில் பதிவோ அந்த ஊரில்தான் பள்ளி, தேர்வு, பல சலுகைகள். இப்போது தளர்த்திக்கொண்டு வருகிறார்கள். மகள் பள்ளியில் சேர்ந்தபோது அப்படி இல்லை. யீவுவில் இருக்கும் சுமார் 19 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இவரைப் போல வெளியூர்க்காரர்கள். இறங்கும்போது சித்தப்பா செயலியைக் கேட்காமலே, தமிழிலேயே, "பாப்பா நல்லா எழுதும்யா" என்று சொல்லி அவர் தோளைத் தட்டினார்.

கடைசி நாள்தான் லைட்டர் கடையில் போய் நின்றேன். வாங்க அல்ல, பார்க்க. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் தீப்பெட்டி ஒட்டாத வீடு கிடையாது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒட்டிய பெட்டியில்தான் என் பள்ளிக்கூடக் கட்டணம் போனது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடுகிறது என்று 2022-இல் தமிழக முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் கீழே உள்ள லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டு உதிரி பாகங்களுக்கும் கட்டுப்பாடு.

கடைக்கார அம்மா கால்குலேட்டரில் 0.6 யுவான் என்று தட்டினார். ஏழு ரூபாய். நான் "இந்தியா" என்றதும் அதை அழித்தார். குனிந்து வேறொன்றை எடுத்தார். அதே லைட்டர், மேலே தகர உறை. 1.9 யுவான் என்று தட்டி, இரண்டு விரலைக் காட்டி, பிறகு கையால் ஒரு சுழி வரைந்தார். இருபது. மேலே, என்று கட்டைவிரலை உயர்த்தினார். டெல்லியில் போட்ட உத்தரவு கோவில்பட்டியில் பாதிப் பேருக்குத் தெரியாது, இந்த அம்மாவுக்குப் பைசா சுத்தமாகத் தெரிந்திருந்தது. நான் வாங்கவில்லை. அவர் விடாமல் சாம்பிள் என்று ஒன்றை என் கையில் திணித்தார்.

ஷாங்காய் விமான நிலையத்தில் பையைச் சோதித்த பெண், அந்த லைட்டரை இரண்டு விரலால் எடுத்துப் பக்கத்தில் இருந்த பெட்டியில் போட்டார். எட்டிப் பார்த்தேன். பச்சை, சிவப்பு, மஞ்சள், கழுத்து வரை லைட்டர். சித்தப்பாவும் பார்த்தார். "ஊர்ல போய் அம்மாட்ட சொல்லு," என்றார், "சந்தோஷப்படுவா."