மூன்றும் பத்தரையும்: டி.என்.ஏ. வரிசைகளைப் படிக்க ஒரு வழி

டி.என்.ஏ. வரிசையில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்குகளைப் படித்தபோது எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்வி: இந்த இடைவெளி எதனால் வந்தது? எண்களை மனப்பாடம் செய்யும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

புரதத்துக்கான பகுதிகளில் மூன்று எழுத்துக்கு ஒருமுறை வரும் ஒழுங்கு கோடானால், அதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதியால், வருவது. கோடானின் மூன்று இடங்களிலும் காரங்கள் (ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகள்) ஒரே விகிதத்தில் அமைவதில்லை, அவ்வளவுதான். மூலக்கூறின் வடிவத்தைக் காட்டுவது பத்து, பதினொன்றை ஒட்டிய ஒழுங்கு. கரைசலில் இரட்டைச்சுருள் ஒரு சுற்று சுற்ற ஏறத்தாழ 10.5 கார இணைகள் ஆகின்றன.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தாளில் ‘ஏஏஏஏஏ’ என்ற துண்டைப் பத்து எழுத்துக்கு ஒருமுறை வருமாறு எழுதிப் பாருங்கள். இப்படிப்பட்ட ஒவ்வொரு துண்டும் சுருளைச் சற்றே வளைக்கும். பத்துக்கு ஒன்று என்றால் எல்லா வளைவும் ஏறக்குறைய ஒரே பக்கம் சேர்ந்து, மூலக்கூறு வில்லாகிவிடும். அதையே பதினைந்துக்கு ஒன்று என்று மாற்றினால் அடுத்தடுத்த வளைவுகள் எதிரெதிர்ப் பக்கம் விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் (மின்புலத்தில் டி.என்.ஏ. துண்டுகளை நகர்த்திப் பிரிக்கும் ஊடகம்) வளைந்த துண்டு, அதே நீளமுள்ள நேரான துண்டைவிட மெதுவாக நகரும். தேர்வில் ஜெல் படம் கொடுத்துக் காரணம் கேட்டால் விடை இங்கேதான் இருக்கிறது.

நியூக்ளியோசோமும், அதாவது ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் டி.என்.ஏ. சுற்றிய அலகும், இதே கதைதான். 147 கார இணைகள் ஹிஸ்டோன் உருளையை ஏறத்தாழ 1.65 முறை சுற்றுகின்றன. சிறுபள்ளம் (இரட்டைச்சுருளின் இரு பள்ளங்களில் குறுகலானது) ஹிஸ்டோனை நோக்கும் இடங்களில் ஏஏ, டிடி, டிஏ அதிகம் அமைகின்றன. ஐந்து இணை தள்ளி, அது வெளியே பார்க்கும் இடங்களில் ஜிசி. நிறமிப்பொருள் (குரோமாட்டின், ஹிஸ்டோன் போன்ற புரதங்களோடு சேர்ந்த டி.என்.ஏ.) டி.என்.ஏ.வில் இந்த ஒழுங்கை ஆய்வாளர்கள் டிரிஃபோனோவும் சஸ்மனும் 1980-லேயே காட்டினார்கள்.

சரி, கணினியில் செய்து பார்க்கிறவர்களுக்கு. ஏஏ-க்கும் அடுத்தடுத்த ஏஏ-க்கும் உள்ள தூரங்களை எண்ணி வரைபடம் போட்டால், மூன்றின் மடங்குகளான 9, 12-இல் எழும் முகடுகள் பத்தின் அருகே உள்ளதை மறைத்துவிடும். மூன்று புள்ளிச் சராசரி எடுத்தால் அவை அடங்கும். அப்புறமும் முகடு நின்றால் உடனே டி.என்.ஏ. சுருளைக் காரணம் காட்டாதீர்கள். புரதத்தின் ஆல்ஃபா சுருளில் சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்து என்பதால் மூன்றால் பெருக்கினால் 10.8; ஆக, அந்த முகடு புரதத்தின் வடிவத்தாலும் வந்திருக்கலாம். அதனால் புரதத்துக்குக் குறியிடாத பகுதியை மட்டும் தனியே எடுத்து இன்னொரு முறை வரைந்து பாருங்கள்.