சாட்ஸ்வொர்த்தில் பங்க் படம் போட ஹால் பிடித்த கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் இந்திய வம்சாவளியினர் நிறையப் பேர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் படம் போட்டு மூன்று நாள் ஆகிறது. அந்த ஹால் கவுண்டரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

போட்டது 2012இல் வந்த 'பங்க் இன் ஆஃப்ரிக்கா', பங்க் என்ற முரட்டு ராக் இசை ஆப்பிரிக்காவில் ஒலித்த கதையைச் சொல்லும் ஆவணப்படம். டர்பனின் வைல்ட் யூத் இசைக்குழு அதில் உண்டு. ஆனால் நான் காட்ட நினைத்தது நேஷனல் வேக்கை. 1979இல் ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தொடங்கிய குழு. ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்ற 1950ஆம் ஆண்டுக் குரூப் ஏரியாஸ் சட்டம் நடப்பில் இருந்த காலம் அது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம் ஆயா தாத்தாக்களைச் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியதும் அதே சட்டம்தான். அதனால் இங்கேதான், காசு வாங்காமல் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

படம் எடுத்தவர்களின் அனுமதி ஒரே மின்னஞ்சலில் வந்துவிட்டது. ஹால்தான் மூன்று நடை.

முதல் நடையில் அடையாள அட்டை நகலைத் திருப்பித் தந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் முத்திரை மூன்று மாதம் தாண்டிவிட்டதாம். முகவரிச் சான்றுக்கும் அதே கணக்கு. முத்திரைக்குக் காசு கிடையாது, வரிசைதான் நீளம், காலையிலேயே போய்விடுங்கள்.

இரண்டாம் நடை இன்னும் மோசம். விண்ணப்பத்தில் 'இசை ஆவணப்படம்' என்று எழுதியிருந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா 'இசை'யை மட்டும் பார்த்துவிட்டுக் கச்சேரிக் கணக்கில் போட்டார், முன்பணம் இரட்டிப்பானது. "பாடுபவர் யாரும் வரவில்லை அக்கா, திரையில்தான் பாட்டு" என்று எவ்வளவோ சொன்னேன். மேலாளரைக் கேட்க வேண்டும், மேலாளர் லீவு. வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுப் போனவன் நான். நீங்கள் 'திரையிடல்' என்று மட்டும் எழுதுங்கள்.

மூன்றாம் நடையில் மேலாளரே இருந்தார், ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். முன்பணம் திரும்பி வர வங்கியின் முத்திரை வைத்த கணக்குக் கடிதம் வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று: நுழைவு இலவசம் என்பதால் உரிமம் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பொது இடத்தில் பாட்டு ஒலித்தால், இசைப் படைப்பாளர்களுக்காக உரிமக் கட்டணம் வாங்கும் சாம்ரோ அமைப்பின் கணக்கு உண்டு. ஹாலுக்கு ஏற்கெனவே உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எங்கள் ஹாலுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு ஸ்டேஜ் 6 மின்வெட்டு (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவதில் கடுமையான நிலை) அறிவிப்பு வந்தது. சனி மாலை 6 மணிக்கு எங்கள் பகுதியில் கரண்ட் இல்லை. கல்யாண அலங்கார வேலை செய்யும் மச்சான்தான் ஜெனரேட்டரைத் தன் பக்கியில் (பின்புறம் திறந்த சிறு பிக்கப் வண்டியில்) ஏற்றிக் கொண்டுவந்தான். அதைக் கட்டடத்துக்குப் பின்னால் வைத்து, நீள வயர் இழுத்தோம். பக்கத்தில் வைத்தால் கிட்டார் சத்தம் ஒன்றும் கேட்காது.

நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் முன்வரிசைத் தாத்தா ஒருவர் எழுந்திருக்கவில்லை. கேட்டோ மேனரில் பிறந்தவர். "அந்தப் பிள்ளைகள் ஒண்ணா இருந்த வீட்டை இன்னொரு வாட்டி காட்டு தம்பி" என்றார்.

காட்டினோம். போய்க்கொண்டிருந்தவர்களும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஜெனரேட்டரில் பெட்ரோல் தீரும்வரை ஓடியது.