என் ரெஸ்யூமேயை மென்பொருள் எப்படிப் படித்தது?

வேலைக்கு அப்ளை செய்யும்போது ரெஸ்யூமேயை ஏற்றியதும் அடுத்த பக்கத்தில் பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் தானாகவே நிரம்பி நிற்கும். வொர்க்டே மாதிரி மென்பொருள் வைத்திருக்கும் நிறுவனங்களில் பார்த்திருப்பீர்கள். எரிச்சலோடு திருத்திவிட்டு 'நெக்ஸ்ட்' அழுத்தத் தோன்றும் பக்கம் அது. எனக்கு விஷயம் புரிந்தது அங்கேதான். கைபேசி எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. கடைசியாக வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் படிப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது. மாதக்கணக்கில் ஒரு பதிலும் வராததற்கு என் அனுபவம் போதவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஏடிஎஸ் (விண்ணப்பங்களைச் சேர்த்துவைத்துக் கையாளும் 'அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம்') என்று எல்லோரும் பயமுறுத்தும் இந்த மென்பொருளின் முதல் வேலை மிகச் சாதாரணமானது. கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவி, பெயர், பதவி, தேதி என்று பிரித்துப் போட்டுக்கொள்ளும். அப்புறம் ஆள் தேடும் ரெக்ரூட்டர் அதில் தேடுவார். பிரிக்கும்போதே குழம்பிவிட்டால் தேடலில் நாம் சிக்கமாட்டோம்.

உள்ளே என்ன போகிறது என்று பார்க்க, வேர்ட் கோப்பைத் திறந்து மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். கைபேசி எண்ணும் மெயில் முகவரியும் வரவே இல்லை. இரண்டையும் ஹெடரில், அதாவது பக்கத்தின் மேல் விளிம்புப் பகுதியில், வைத்திருந்தேன், ஹெடரைப் படிக்காத மென்பொருள்கள் உண்டு. டேபிள் போட்டுப் பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு நெடுவரிசையாகப் பிரித்திருந்ததால், இடப்பக்கத்துத் திறன்கள் வலப்பக்கத்து வேலை வரிகளுக்கு நடுவே புகுந்திருந்தன. எக்செல்லுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தேன். நட்சத்திரங்கள் படம் என்பதால் காணாமல் போய், பெயர் மட்டும் மிஞ்சியது. (நான்கு நட்சத்திரம் என்றால் என்ன என்று மனிதர்களுக்கும் தெரியாது, அது வேறு கதை.)

பிடிஎஃப் வடிவத்தில் இன்னொரு வேடிக்கை. நான் எடுத்திருந்த அலங்கார ஃபான்ட், ஆங்கிலத்தில் எஃப், ஐ இரண்டையும் ஒட்டி ஒரே வடிவமாக்கிவிடும். காப்பி செய்து ஒட்டினால் அந்த இடத்தில் ஓட்டை. ஃபைனான்ஸ் வேலை தேடுகிறவனின் ரெஸ்யூமேயில் 'ஃபைனான்ஸ்' என்ற சொல்லே உடைந்து கிடந்தது!

சரி என்று எல்லாவற்றையும் கலைத்தேன். ஒரே நெடுவரிசை, சாதாரண ஃபான்ட், டேபிளும் படமும் கிடையாது. தொடர்பு விவரம் பக்கத்தின் முதல் வரியில். 'என் பயணம்' என்ற தலைப்பு போய் 'வொர்க் எக்ஸ்பீரியன்ஸ்' வந்தது. தேதியெல்லாம் மாதம், வருடம் என்று ஒரே மாதிரி.

அதிக நேரம் பிடித்தது சொற்கள்தான். 'வெண்டர் பேமென்ட் பொறுப்பு' என்று எழுதியிருந்தேன். விளம்பரங்களில் அதே வேலைக்கு 'அக்கவுன்ட்ஸ் பேயபிள்' என்று போடுகிறார்கள், ரெக்ரூட்டரும் அதைத்தான் தட்டித் தேடுவார். அதனால் அந்த வரியை 'அக்கவுன்ட்ஸ் பேயபிள் எனப்படும் ஏபி பிரிவில் வெண்டர் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்து, எஸ்ஏபி மென்பொருளில் பதிந்து, மாதக் கடைசியில் கணக்கை ஒத்துப்பார்ப்பது' என்ற பொருளில் மாற்றினேன். முழுப்பெயர், சுருக்கம் இரண்டும் வந்துவிட்டன, செய்த வேலையும் தெரிகிறது. விளம்பரத்துச் சொற்களை வெள்ளை எழுத்தில் ஒளித்துவைக்கச் சொன்ன நண்பர்களும் உண்டு. வெறும் எழுத்தாக மாற்றினால் நிறம் போய்விடும், ஒளித்தது அப்படியே ரெக்ரூட்டர் கண்ணில் படும். இணையத்தில் 'ஏடிஎஸ் ஸ்கோர்' போட்டுத் தருகிற கடைகளுக்கும் நான் போகவில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஸ்கோர் என்று ஒன்று கிடையாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அமைத்துவைத்திருக்கிறார்கள்.

ரெஸ்யூமேயைப் பார்க்காமலே வெளியே தள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 'பணி அனுமதி உண்டா', 'இத்தனை வருட அனுபவம் உண்டா' என்று படிவத்தில் வரும் கேள்விகள். அவற்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றால் தானாகவே நிராகரிக்கும்படி அமைத்துவைக்க முடியும். அனுப்பிய சில நிமிடங்களில் 'வருந்துகிறோம்' மெயில் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கேட்கும் கட்டாயத் தகுதி என்னிடம் இல்லாத விளம்பரங்களுக்கு அப்ளை செய்வதையே அதன் பிறகு விட்டுவிட்டேன்.

எனக்கு மிச்சமிருந்த கவலை, அப்பாவைப் பார்த்துக்கொள்ள எடுத்த ஒரு வருட இடைவெளி. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்சர் என்ற ஆலோசனை நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலே விண்ணப்பத்தை வடிகட்டும் நிறுவனங்கள் இருப்பதாகப் படித்தபோது வயிறு கலங்கியது. உயர்திறன் வேலைகளுக்குத் தகுதியானவர்களே, விளம்பர நிபந்தனையோடு அச்சு அசலாகப் பொருந்தாததால் வெளியேற்றப்படுகிறார்கள் என்று அதே ஆய்வில் 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருந்தன. இடைவெளியை மறைக்க வேலைத் தேதிகளை இழுத்து நீட்டலாம் என்று யோசனை சொன்னார்கள். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளும் வேலை அது. மற்ற வேலைகளைப் போலவே தொடக்கம், முடிவு மாதங்களோடு 'குடும்பப் பராமரிப்பு' என்று தனிப் பதிவாகப் போட்டேன், அந்த நேரத்தில் முடித்த எக்செல் படிப்பையும் அதன் கீழேயே சேர்த்தேன்.

புது ரெஸ்யூமே போன பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின. முன்பு ஒரு பதிலும் வராத அதே மாதிரி வேலைகளுக்குத்தான். இப்போதிருக்கும் வேலைக்கான நேர்காணலில் இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி வந்தது, "அப்பா இப்போ எப்படி இருக்காங்க?" அதற்குப் பிறகு அரை மணி நேரமும் பேச்சு இன்வாய்ஸ்களைப் பற்றித்தான்.