என் இமைமுடிக்கு ஏற்ற மஸ்காரா

அக்கா மகளின் கல்யாணத்தன்று விடியற்காலை நான்கரை மணிக்கே மஸ்காரா பூசிக்கொண்டு மண்டபத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது, எதிர் இலையில் இருந்த சித்தி, "ராத்திரி தூங்கவே இல்லையாடி? கண்ணுக்குக் கீழே இப்படிக் கறுத்துக் கிடக்கே!" என்றார். கைபேசியில் முகத்தைப் பார்த்தால் இரண்டு கண்களுக்கும் கீழே பிறை வடிவத்தில் கறுப்பு அப்பியிருந்தது. நான் அழவுமில்லை, மழையில் நனையவுமில்லை. குழாயின் மீதோ 'வாட்டர்புரூஃப்' என்று பெரிதாகவே அச்சிட்டிருந்தார்கள்.

வாட்டர்புரூஃப் மஸ்காராவை இரவில் எதைக் கொண்டு துடைக்கிறோம் என்று நினைத்துப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. தண்ணீருக்கு அசையாத அந்த மெழுகுப் பூச்சு, பஞ்சில் தொட்ட இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு இளகிவிடுகிறது. எண்ணெய்ப் பசை மிகுந்த என் இமைத்தோல் அதே வேலையைப் பகல் முழுவதும் செய்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, கண்ணின் உள்விளிம்பில் தீட்டிய காஜலும் சென்னைப் புழுக்கத்தில் உருகிக் கீழிமை முடிகளில் இறங்குகிறது. ஆக, எனக்கு எதிரி தண்ணீரல்ல, எண்ணெய்.

இப்படிப்பட்ட தோலுக்கு உகந்தது டியூபிங் மஸ்காரா. இதில் மெழுகைவிடப் பாலிமருக்கே முதலிடம். அது ஒவ்வொரு முடியையும் சுற்றி மெல்லிய உறைபோல் காய்ந்துவிடுவதால், எண்ணெய் பட்டாலும் எளிதில் கலைந்து வழிவதில்லை. வெதுவெதுப்பான நீரால் சற்று நேரம் நனைத்து மெதுவாக இழுத்தால் உறை முழுதாகக் கழன்று வரும். முதல் நாள் உள்ளங்கையில் குட்டிக் குட்டிக் கறுப்பு நூல்களாக அவை கிடந்ததைக் கண்டு, இமைமுடியே உதிர்ந்துவிட்டது என்று பதறிப் போனேன்.

ஆனால் தோலை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட முடியாது; முடியின் போக்கையும் பார்க்க வேண்டும். கைக்கண்ணாடியை முகவாய்க்குக் கீழே பிடித்து, பார்வையைத் தாழ்த்திப் பார்த்தால் அது தெரியும். என் இமைமுடிகள் நீளந்தான், ஆனால் வளைவே இல்லாமல் கூரை ஓலைபோல் கீழ்நோக்கிச் சரிந்திருப்பவை. இத்தகைய முடியை முதலில் கர்லரால் வளைத்துவிட்டுத்தான் மஸ்காரா பூச வேண்டும். பூசிய பிறகு கர்லரை வைத்தால் முடி அதில் ஒட்டிக்கொண்டு ஒடிந்துவிடும். இங்கேதான் ஒரு சிக்கல்: தண்ணீர் அதிகமுள்ள சாதாரண மஸ்காரா, சுருட்டிய கூந்தலில் ஈரம் பட்டாற்போல வளைவைத் தளர்த்திவிடுகிறது, வாட்டர்புரூஃப்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதனால் விசேஷ நாட்களில் மேலிமைக்கு முதலில் வாட்டர்புரூஃப் ஒரு மெல்லிய பூச்சு, அது காய்ந்த பின் அதன் மேல் டியூபிங் ஒரு பூச்சு என்று வைத்துக்கொண்டேன். கீழிமையை அப்படியே விட்டுவிடுகிறேன். அலுவலக நாட்களுக்கு டியூபிங் மட்டுமே போதும்.

பிரஷ்ஷைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதில் பாதி அலங்காரப் பேச்சு என்பது என் எண்ணம். குட்டையான முடிக்கு மெல்லிய பிரஷ், அடர்த்தி குறைந்த முடிக்குப் புசுபுசுவென்ற தடித்த பிரஷ், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் முடிக்குச் சீப்புப் போன்ற ரப்பர் பற்கள்: இவ்வளவு தெரிந்தால் போதும். நீளத்தைக் கூட்டிக்காட்ட நுண்ணிழைகள் சேர்த்த ஃபைபர் மஸ்காராவை மட்டும் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் வாங்காமலிருப்பது நல்லது. உதிரும் இழை லென்ஸுக்கு அடியில் புகுந்தால் கண் படும் பாடு சொல்லி மாளாது.

மஸ்காராவே வேண்டாம், தலைக்கு அடிக்கும் சாயத்தையே இமையிலும் பூசிவிடலாம் என்று அழகு நிலையத்தில் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அதை யாரும் செய்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1930-களில் விற்ற 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயம் பார்வையையே பறித்தது. அழகுசாதனங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். அதில் இருந்த வேதிப்பொருளான பாராஃபினைலீன்டையமின் இன்றைய தலைச்சாயங்கள் பலவற்றிலும் இருக்கிறது.

கடையில் பலர் கைபட்ட சோதனைக் குழாயின் பிரஷ்ஷைக் கண்ணருகே கொண்டுபோகாமல், நிறத்தைப் புறங்கையில் தீட்டிப் பார்த்தால் போதும். குழாயில் திறந்த டப்பா படத்துக்குள் '6எம்' என்றிருந்தால் திறந்து ஆறு மாதம் என்று பொருள். கண்ணுக்கானது என்பதால் நான் மூன்று மாதத்திலேயே எறிந்துவிடுகிறேன், அதற்காகவே சிறிய குழாயாகப் பார்த்து வாங்குகிறேன். காய்ந்துபோனதைத் தண்ணீர் விட்டுக் குழைப்பது கிருமிகளுக்கு விருந்து வைப்பதாகும். கல்யாணத்தில் என் மானத்தை வாங்கிய குழாய் குப்பைக்குப் போயிற்று. அதன் பிரஷ்ஷை மட்டும் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, புருவம் சீவ வைத்திருக்கிறேன்.