ஆய்வகக் குறிப்பேட்டின் பின்பக்கங்கள்

மார்ச் 4, செவ்வாய்
செல்களைப் படமெடுக்க நான் உருவாக்கிவரும் சிவப்பு ஒளிர்சாயம் இது. நேற்று வரை கரைசலில் செக்கச்செவேலென்று ஒளிர்ந்த சேர்மம், கரைப்பானை ஆவியாக்கிப் பொடியாக்கியதும், புற ஊதா விளக்கின் கீழ் செங்கல் தூளைப் போலக் கிடக்கிறது.

மார்ச் 5, புதன்
குறை நான் வரைந்த மூலக்கூறு வடிவத்தில்தான். நிறத்தைச் சிவப்புக்குத் தள்ளும் அவசரத்தில் வளையங்களைத் தட்டையாக நீட்டிக்கொண்டே போனேன். தட்டையான மூலக்கூறுகள் நெருங்கியதும் அப்பளக் கட்டைப் போல அடுக்கிக்கொண்டு, வாங்கிய ஆற்றலை ஒளியாக விடாமல் வெப்பமாகவே தீர்த்துவிடுகின்றன. பைரீன் என்னும் தட்டையான மூலக்கூறின் கரைசலில் செறிவு கூடினால் அதன் வழக்கமான ஒளிர்வு மங்குவதை ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் 1954-லேயே எழுதிவிட்டார்கள். தெரிந்தே விழுந்திருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்
ஆர்கான் உருளை தீர்ந்துவிட்டது.

மார்ச் 10, திங்கள்
புது வடிவம்: நடுவில் எலக்ட்ரானை ஈர்க்கும் நாஃப்தோதயாடையசோல், இரு முனைகளிலும் எலக்ட்ரானைத் தரும் டிரைஃபினைல் அமீன். அமீனின் மூன்று வளையங்களும் விசிறி இறக்கைகளைப் போலத் திருகி நிற்பதால், பக்கத்து மூலக்கூறு ஒட்டி உட்கார இடம் இராது. 2001-இல் ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழுவினர் கண்ட சைலோல் என்னும் சிலிக்கான் வளையச் சேர்மம், கரைசலில் இருண்டு, திரண்டதும் ஒளிர்ந்தது. நெரிசலில் வளையங்கள் சுழல முடியாமல் போவதே காரணம் என்று பின்னர் விளக்கினார்கள். அந்த நெரிசல்தான் எனக்கும் வேண்டும்.

மார்ச் 12, புதன்
உறக்கம் வரவில்லை. ஒளி சிவக்க வேண்டுமானால் மூலக்கூறின் கிளர்ந்த நிலைக்கும் அடிநிலைக்கும் இடையிலான ஆற்றல் இடைவெளி குறைய வேண்டும். அது குறையக் குறைய, மூலக்கூறின் அதிர்வுகள் அந்த ஆற்றலை விழுங்கும் வேகம் மடமடவென்று ஏறுகிறது. ஆகவே சிவப்பும் பிரகாசமும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. பச்சையோடு நின்றுவிடவும் வழியில்லை. 600 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியைக் குடித்துவிடும், செல்களும் தாமாகவே மங்கலாக ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும். 650-க்கு அப்பால்தான் திசு வழிவிடுகிறது. கைப்பேசி விளக்கை விரல்களுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன்: சிவப்பு மட்டுமே வெளியே வந்தது.

மார்ச் 17, திங்கள்
புதுச் சேர்மத்தை டெட்ராஹைட்ரோஃபியூரான் என்னும் கரைப்பானில் கரைத்து, அது கரையாத நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். நீரின் பங்கு 50 விழுக்காட்டை எட்டும் வரை, கரைப்பானின் முனைவுத்தன்மை (மின்னேற்றங்கள் பிரிந்து நிற்கும் தன்மை) கூடியதால், ஒளி மங்கிக்கொண்டே வந்தது. கைவிட்டுவிடலாம் என்று நினைத்தேன். 70-ஐத் தாண்டியதும் மூலக்கூறுகள் திரண்டு, குப்பி லேசாகக் கலங்கி, ஊதிவிட்ட அடுப்புக் கரியைப் போலச் சிவந்தது. விளக்கை மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 18, செவ்வாய்
குவாண்டம் விளைச்சலை, அதாவது உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு பங்கு மீண்டும் ஒளியாகிறது என்பதை, அளக்கும் கருவி வெள்ளிக்கிழமைதான் கிடைக்குமாம்.

மார்ச் 21, வெள்ளி
ஒளிர்வின் உச்சம் 672 நானோமீட்டர், விளைச்சல் 19 விழுக்காடு. பொடியில்! பழைய பொடிக்கு ஒரு விழுக்காடு கூடத் தேறவில்லை. புளூரானிக் என்னும் பாலிமர் பூசிய நானோதுகள்களாக்கி, மாலை 6 மணிக்கு ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) இட்டேன். கான்ஃபோக்கல் நுண்ணோக்கி நாளைக் காலை 7 மணிக்குக் கிடைக்கும்.