குறைவாகப் படுத்துத் தூக்கத்தை மீட்ட அனுபவம்

ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். மார்ச் மாத ஆண்டுக் கணக்கு முடிப்பின்போது கெட்ட தூக்கம், வேலை முடிந்ததும் சரியாகிவிடும் என்றே எல்லோரும் சொன்னார்கள். கத்திரி வெயில் முடிந்து ஆடிக் காற்று வீசத் தொடங்கியும் அது சரியாகவில்லை. வாரத்துக்கு மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடித்துப் பகல் வேலையையும் பாதித்தால், அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

கசகசா அரைத்துக் கலந்த பால், அமுக்கரா சூரணம், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் என்று வீட்டு வைத்தியங்கள் வரிசையாக நடந்தன. அவற்றால் கெடுதலும் இல்லை, எனக்குப் பலனும் இல்லை. ஆல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும்படி உடன் பணிபுரிபவர் ஒருவர் சொன்னார். அது அரசின் மருந்து விதிகளில் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. தொடர்ந்து எடுத்தால் பழகிப்போகும், திடீரென நிறுத்தினாலும் தொல்லை தரும். எனவே மாத்திரையை விட்டுவிட்டு மனநல மருத்துவர் ஒருவரிடம் போனேன்.

அவர் குறட்டை, தைராய்டு, இரவில் கால் குறுகுறுப்பு, மனச்சோர்வு, காபி என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை காபி அன்றே நின்றது. பிறகு இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதச் சொன்னார்: எப்போது படுத்தேன், உத்தேசமாக எப்போது தூங்கினேன், எத்தனை முறை விழித்தேன், எப்போது எழுந்தேன். எழுதிப் பார்த்தபோது படுக்கையில் கிடந்தது ஒன்பது மணி நேரம், தூங்கியது ஐந்தரை மணி நேரம் என்று தெரிந்தது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தூக்கமின்மையைத் தொடங்கிவைக்கும் காரணம் வேறு, அதை நீடிக்க வைக்கும் காரணம் வேறு என்று ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் விளக்கியிருக்கிறார். தொடங்கிவைத்தது கணக்கு முடிப்பு; நீடிக்க வைத்தது, போன தூக்கத்தை ஈடுகட்ட எல்லோரும் செய்வதுபோலச் சீக்கிரம் படுத்துத் தாமதமாக எழுந்தது. விழித்திருக்கும் நேரம் ஏற ஏற, பசியைப் போலத் தூக்கத் தேவையும் உடலில் ஏறுகிறது. படுக்கையில் அரைத்தூக்கமாகக் கிடப்பதும் ஞாயிறு மதியம் உறங்குவதும் அதைக் கரைத்துவிடுகின்றன. 1987இல் ஸ்பீல்மேனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சிகிச்சை முறை, படுக்கை நேரத்தையே தூங்கும் நேரத்தின் அளவுக்குச் சுருக்குவதாகும். நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை என்று எனக்கு முடிவானது. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இதைக் குறைப்பதில்லை. வலிப்பு நோயோ, மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் தாமாக இதில் இறங்கவே கூடாது.

"தூக்கம் வராதவனப் போயி முழிச்சினு இருன்னு சொல்றாரா? இன்னா டாக்டருடா அவரு!" என்றார் அம்மா.

முதல் வாரங்கள் கடுமையானவை. பத்து மணிக்குக் கண் சொக்கும், ஆனால் படுக்கக் கூடாது. பகலில் அசதி மிகுந்திருக்கும் என்பதால், தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பேருந்தில்தான் ராணிப்பேட்டைக்குப் போய்வந்தேன். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் வகுத்த முறையிலிருந்து வந்த இன்னொரு விதியும் உண்டு: படுத்துச் சுமார் இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதுதான் திரும்ப வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கவும் கூடாது. எழுந்து எங்கே போவது என்பது எங்களைப் போன்ற சிறிய வீட்டுக்காரர்களுக்குப் பெரிய கேள்வி. கூடத்தில் அம்மா படுத்திருப்பார். சமையலறைச் சிறு விளக்கில் துணி மடிப்பது என்று வைத்துக்கொண்டேன், கைப்பேசியைத் தொடவில்லை.

எழும் நேரம் மட்டும் எந்த நாளும் மாறவில்லை. காலை வெளிச்சம் உடற்கடிகாரத்தை நிலைப்படுத்தும் என்பதால், ஆவின் பால் வாங்கிவரும் வேலையை அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். படுக்கை நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் தூங்கிய வாரங்களில் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. கணக்கருக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. எண்ணங்களைக் கையாளும் பயிற்சியும் சேர்ந்த இந்த முழுச் சிகிச்சையைத்தான், மாத்திரைக்கு முன்பாக முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

இப்போது பதினொன்றுக்குப் படுக்கிறேன், 5.30க்கு எழுகிறேன், வண்டியும் ஓட்டுகிறேன். மார்ச் வந்தால் சில இரவுகள் கெடத்தான் செய்கின்றன. மறுநாள் சீக்கிரம் படுக்காமல், பழைய குறிப்பேட்டை எடுத்து மீண்டும் எழுதத் தொடங்குகிறேன்.